பாரி நாயனம் பிறந்த கதை

காரைக்காலை அடுத்த விழிதியூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக முன்பணம் போவது மேளத்துக்குத்தான். "ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு செட்டு" என்று பேச்சு முடியும். தாளமும் சுருதிப்பெட்டியும் கேட்காமலே கூட வரும். வசதிப்பட்டவர்கள் பத்திரிகையில் 'சிறப்புத் தவில்' என்று இன்னொரு பெயரையும் அச்சடிப்பார்கள். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போதும், திருநள்ளாற்றில் சுவாமி புறப்படும்போதும் முன்னால் போவது மேளம்தான். இதெல்லாம் ஆதிநாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று கச்சேரி மேடையில் நாம் கேட்கும் அந்தக் கனத்த, கீழிறங்கிய நாயனக் குரல் நம் தாத்தாக்கள் காலத்தில் உருவானது.

அந்த நீளமான நாயனத்துக்குப் பாரி என்று பெயர். அது உருப்பெற்றது நமக்கு மேற்கே, ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில். ஒரு குழு தன் வாத்தியத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அந்த வாத்தியம் பிறகு தனக்கான ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை நம் பக்கத்தில் வேறு இல்லை.

வாத்தியக் குழுக்கள் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கின்றன. அதற்குச் சாட்சி சொல்ல நம் ஊர் அம்மையாரே இருக்கிறார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் காரைக்கால் அம்மையார் பண்ணுக்குரிய சுரங்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லி, கூடவே வாத்தியங்களையும் அடுக்குகிறார். கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை எல்லாம் அதில் வருகின்றன. நாகசுரமும் தவிலும் அதில் இல்லை. அன்றைய கூத்துக்கு அன்றைய வாத்தியங்கள் போதுமானவையாக இருந்தன. பிற்காலத்தில் தேரோடும் நான்கு வீதிகளும், பத்து நாள் உற்சவங்களும், இரவு முழுக்க நடக்கும் புறப்பாடும் பெருகியபோது வேறொரு குழு தேவைப்பட்டது. அப்படி நிலைபெற்றதுதான் நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம்.

வீதிக்கு வேண்டியது முதலில் சத்தம். வடக்கு வீதியில் சுவாமி வருகிறார் என்பது தெற்கு வீதியில் கோலம் போடுகிறவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஏற்றது திமிரி என்ற நாயனம். உருவத்தில் குட்டை, சுருதியில் உயரம். நாலு கட்டை, அதற்கு மேலும் போகும். அதற்குப் பக்கத்துணையாக ஒத்து என்று இன்னொரு குழல் விடாமல் ஆதார சுருதியை ஊதிக்கொண்டிருக்கும். தவில் இரண்டு, தாளம் ஒன்று. இடைப்பட்ட அளவில் இடைப்பாரி என்று ஒரு வகையும் உண்டு.

ஆட்களைச் சேர்க்கவும் ஒரு முறை இருந்தது. மேளக்காரக் குடும்பத்தில் பிறந்த பையனை முதலில் தாளம் போட வைப்பார்கள். லயம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஒத்து. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றைக் குழலுக்குள் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுருதி ஒரு கணம்கூட அறுபடக்கூடாது. மணிக்கணக்கில் வீதியில் நின்று இதைச் செய்கிற பையனுக்கு மூச்சு தானாக வசப்படும். கூடவே மேதைகள் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்கும் பாக்கியமும் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் நாயனம் கைக்கு வரும். கை துடிப்பாக இருக்கும் பையன் தவிலுக்குப் போவான். தேர்வு என்று தனியாக ஒன்று நடந்ததில்லை. வேலையே தேர்வாக இருந்தது. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய இன்னாருக்குப் பிறந்திருக்க வேண்டும் என்கிற கட்டும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த உலகத்தில்தான் 1898இல் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பிறந்தார். அவரைத் தத்தெடுத்து வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளையின் ஊர் திருமருகல். அது நிரவி, விழிதியூர் மக்களுக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். டி.என். என்ற எழுத்துகளே திருமருகல் நடேசன்தான். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்துவான். பின்னாளில் அந்த இடம் ராஜரத்தினத்துக்கும் வந்தது. அவர் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் கற்றார். பாட்டுக்காரரின் மனசு நாயனக்காரரின் மூச்சுக்குள் குடிபுகுந்தது. ராகத்தை அவசரமில்லாமல், கீழ் ஸ்தாயியிலிருந்து படிப்படியாக, ஒரு பாடகர் பாடுவதுபோல் வாசிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வீதிக்கென்று செய்த திமிரி அந்த நிதானத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

காலமும் அவர் பக்கம் இருந்தது. சபாக்களில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் வந்தது. இசைத்தட்டு வந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. மைக் வந்தபின் தெற்கு வீதிக்குக் கேட்க வேண்டும் என்கிற கவலை நாயனத்தின் தலையிலிருந்து இறங்கியது. இனி குரல் இனிமையாக இருக்கலாம், கனமாக இருக்கலாம், மெல்லவும் பேசலாம்.

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை. அங்கே நாயனம் செய்யும் ஆசாரிகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ரங்கநாதன் ஆசாரி அவர்களில் ஒருவர். ராஜரத்தினம் பிள்ளையின் தேவை இவருடைய பட்டறைக்கு வந்தது. நாயனத்தை நீட்டினால் சுருதி இறங்கும், அதுவரை எளிது. கிட்டத்தட்ட இரண்டரை அடி நீளத்துக்குப் போனால் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு வரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். குழல் நீளும்போது உள்துளையின் விரிவும் விரல்துளைகளின் இடைவெளியும் சேர்ந்து மாற வேண்டும். ஒன்று பிசகினால் ஏதோ ஒரு சுரம் அழும். முக்கியமாகச் சுத்த மத்திமம். பழைய நாயனங்களில் அது தானாகச் சுத்தமாகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டியிருந்தது. தோடி சுத்த மத்திம ராகம். தோடியை மணிக்கணக்கில் வாசித்துத் தன் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்ட ஒருவருக்கு இந்தக் குறை எவ்வளவு உறுத்தியிருக்கும்! ரங்கநாதன் ஆசாரி துளை மாற்றித் துளை போட்டுப் பார்த்து, சுத்த மத்திமம் தெளிவாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்தார். கணக்கு ஆசாரியின் கையில் இருந்தது, தீர்ப்பு வித்துவானின் காதில் இருந்தது. இரண்டும் ஓரிடத்தில் கூடியதால் பாரி பிறந்தது.

செய்முறையைப் பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். உலவு என்பது நாயனத்தின் உடல். அதற்கு ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது, ஈரம் வற்றும்போது வெடிக்கும், சுருதி நகரும். அதனால் இடிபடும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். எழுபது எண்பது வருஷம் கூரையைத் தாங்கிய மரம் அசையாது. அதைக் கடைசலில் ஏற்றிக் கடைந்து, மேலே குறுகிக் கீழே விரியும்படி உள்துளை போட்டு, விரலுக்கு ஏழு துளைகள் வைப்பார்கள். அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து. அந்த ஐந்தையும் விரலால் மூடுவதில்லை. தேவைப்பட்ட இடத்தில் மெழுகை அடைத்துச் சுருதியைச் சீராக்கிக்கொள்வதற்காக அவை. அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு அணசு என்று பெயர். மேல்நுனியில் கெண்டை, அதன்மேல் சீவாளி.

சீவாளி தனிக் கதை. ஆற்றங்கரையில் விளையும் நாணல்தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். வாசிப்பவரின் நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் நூலைப் பார்த்திருப்பீர்கள். மாற்றுச் சீவாளிகளும், சீவாளியின் வாயைத் திறந்து சீர்செய்யும் ஊசியும் அதில் கட்டியிருக்கும். ஒன்று ஈரத்தில் தளர்ந்தால் அடுத்த பாட்டுக்கு முன் இன்னொன்று ஏறும். எச்சில் படப்பட ஒவ்வொரு சீவாளியும் ஒரே ஆளின் உதட்டுக்குப் பழகிவிடும். பிறகு அது இன்னொருவருக்குப் பேசாது.

பாரி வந்ததும் செட்டே மாறியது. திமிரிக்குப் போதுமான மூச்சு பாரிக்குப் போதவில்லை. துளைகள் தள்ளி இருப்பதால் விரலும் நீள வேண்டும். சேர்க்கும் பையனின் கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு இப்படி ஒரு காரணம் கூடியது. இரண்டாவது நாயனமும் அதே கட்டையில், அதே குணத்தில் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஜோடி சேராது. ஒத்து மெல்ல மெல்ல விலகி அந்த இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்தது. தவிலில் வாரை இழுத்துக் கட்டிய இடத்தில் இரும்புக் கம்பியும் திருகாணியும் வந்தன. தாழ்ந்த சுருதிக்குத் தக்கபடி அடக்கி வாசிக்கத் தெரிந்த தவில்காரருக்கு மதிப்பு ஏறியது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம் அவ்வளவு தூரம் போனது. காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாவது நாயனமாக வந்து, அந்த இடத்திலிருந்தே கற்றுத் தனிப்பெரும் வித்துவான் ஆனார். இரண்டாம் நாயனம் என்பது நம் குழுக்களில் ஒரு பள்ளிக்கூடம்.

ஊர் உலகத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் ராணுவ பாண்டுகளுக்காகச் செய்தது. திறந்தவெளியில் கேட்க வேண்டிய அந்தக் கருவி, அமெரிக்காவில் ஜாஸ் கையில் போனபின் கொஞ்சவும் முணுமுணுக்கவும் கற்றுக்கொண்டது. இன்று அங்கே பள்ளி ஜாஸ் குழு என்றால் ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. வாசித்துக் காட்டச் சொல்லி ஆளை எடுப்பார்கள். பெரிய பாரிட்டோன் சாக்ஸபோன் போன்ற விலை உயர்ந்த கருவிகளைப் பள்ளியே வாங்கி வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும். மங்களூர்ப் பக்கத்தில் நாகசுரக்காரரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அதைக் கமகத்துக்கு ஏற்பத் திருத்திக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். கருவி எந்த ஊரில் பிறந்தால் என்ன, வாசிக்கிறவரின் சங்கீதத்துக்கு அது வளைந்து கொடுத்தாக வேண்டும்.

நம் பக்கத்தில் வாசலும் மெல்லத் திறந்தது. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோவிலில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். மதுரை பொன்னுத்தாய், பெண்ணுக்கு மூச்சுப் போதாது என்று சொன்னவர்களின் வாயை வாசித்தே அடைத்தார். காலீஷாபி மெகபூப் தம் கணவர் ஷேக் மெகபூப் சுபானியோடு ஜோடி நாயனம் வாசிக்கிறார். இருவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் இன்று குலம் கேட்பதில்லை. நாகசுரம், தவில் வகுப்பில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மூன்றாண்டுப் படிப்பு. திருவாரூரிலும் சீர்காழியிலும் பள்ளிகள் இருக்கின்றன.

ஆனால் வாசல் திறந்திருப்பது மட்டும் போதாது. சேருகிற பிள்ளையின் கையில் நல்ல நாயனம் இருக்க வேண்டும். சுரம் சேராத கருவியில் பழகினால் காதே கெட்டுப்போகும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் நல்ல கருவி என்றால், பிறப்புக் கேட்ட பழைய கட்டின் இடத்தில் பணம் கேட்கும் புதிய கட்டு வந்து நிற்கிறது என்று அர்த்தம். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெருமைதான். அந்தப் பெருமை, பள்ளிக்கு நாலு ஜோடி பாரி என்று அரசும் கோயில்களும் வாங்கிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கும்போதுதான் முழுமையாகும். சந்நிதியில் சுவிட்சைத் தட்டினால் அடிக்கும் மின்மேளத்துக்குச் செலவழிக்கும் தொகையை ஒரு மாணவனின் நாயனத்துக்குக் கொடுக்கலாம்.

வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. காரைக்கால், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தில் தாத்தா காலத்து வீடுகள் தினம் இடிபடுகின்றன. உங்கள் வீட்டை இடிப்பதற்கு முன் உத்தரத்தில் ஆச்சா மரம் இருக்கிறதா என்று ஒரு தச்சரிடம் கேளுங்கள். இருந்தால் விறகுக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நரசிங்கம்பேட்டை ஆசாரிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அடுத்த பாரிக்கு வேண்டிய மரம் அவர்களுக்கு அப்படித்தான் கிடைக்கிறது.