லெண்ட், பாரோ

ஆங்கிலத்தில் கடன், இரவல் குறித்து வழங்கும் எதிரிணை வினைகள். கொடுப்பவர் செய்வது லெண்ட். வாங்கிக்கொள்பவர் செய்வது பாரோ. பொருள் உரியவரிடம் திரும்பிவர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

சூடு, குளிர் போல ஒன்றையொன்று மறுக்கும் சொற்கள் அல்ல இவை. விற்பது, வாங்குவது போல ஒரே நிகழ்ச்சியை இரு முனைகளிலிருந்து சொல்பவை. ஒன்று நடந்தால் மற்றதும் நடந்திருக்கும். மொழியியலாளர் ஜான் லயன்ஸ் இவ்வகை இணைகளை மற்ற எதிர்ச்சொற்களிலிருந்து பிரித்து வகைப்படுத்தினார்.

தடுமாற்றம் பெரும்பாலும் வாக்கிய அமைப்பில்தான். 'லெண்ட் மீ எ பென்' சரி. 'பாரோ மீ எ பென்' பொது வழக்கில் பிழை. பாரோவுக்குப் பின் பொருளும், யாரிடமிருந்து என்பதற்கு 'ஃப்ரம்' என்பதும் வரவேண்டும். ஆனால் பிழை எனப்படும் இதே வடிவம் அமெரிக்காவின் மினசோட்டா பகுதிப் பேச்சில் காதில் விழும். ஜெர்மன் மொழியில் 'லைஹென்' என்ற ஒரே வினை இரு பொருளும் தருகிறது. தமிழில் 'இரவல்' பொதுவாக நிற்க, கொடு, வாங்கு என்பவையே திசையைக் காட்டுகின்றன. அந்தப் பழக்கத்தில் வரும் நம் மாணவர், முதலில் நினைவுக்கு வரும் ஆங்கில வினையை எடுத்துவிடுவதில் வியப்பில்லை.

பாரோ, பிணை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. லெண்ட் என்பதன் இறுதி டகரம் தொடக்கத்தில் இல்லை. இறந்தகால வடிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. லெண்டுக்குப் பதில் 'லோன்' என்பதை வினையாக ஆளுவது அமெரிக்காவில் இயல்பு.