பழைய ராலேயும் நடுத்தெருவும்

பழைய சைக்கிளுக்கு இப்போ பட்டணத்தில் கிராக்கி வந்திருக்கு. "உங்க பக்கம் இங்கிலாந்து ராலே கிடைக்குமா, ஹம்பர் கிடைக்குமா"ன்னு படிக்கிறவங்க அடிக்கடி கேட்கிறீங்க. அஞ்சாறு மாசம் தேடி, போன தை மாசம் நானே ஒரு ராலே வாங்கினேன். அதனால் எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது என்று இப்போ தெம்பா எழுத முடியும். கூடவே அந்த வண்டி எங்க ஊருக்குள் எப்படி வந்தது, யாரை ஏற்றியது, யாரை இறக்கிவிட்டது என்பதையும் எழுதணும். அதை விட்டுவிட்டு இரும்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

முதலில் வண்டியின் பூர்வீகம். இப்போ நாம ஓட்டுகிற மாதிரி, இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, செயின் போட்ட சைக்கிள் 1885-ல் இங்கிலாந்தில் வந்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நாட்டிங்காம் நகரத்தில் ராலே தெரு என்ற தெருவில் இருந்த சின்னப் பட்டறையை பிராங்க் பௌடன் என்பவர் வாங்கிப் பெரிய கம்பெனியாக்கினார். அந்தத் தெருப் பெயர்தான் நம்ம ஊர் வாயில் "ராலி" ஆனது. பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த கம்பெனி. அதனால்தான் அதன் சின்னத்தில் மூணு துப்பாக்கி சாத்தி நிற்கும். ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில் ஆரம்பித்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த வண்டிகள் கப்பலில்தான் வந்தன. எங்க புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பக்கம் வசதியான வீடுகளுக்கும், ஊர் ஊராகப் போகிற உத்தியோகஸ்தர்களுக்கும் முதலில் வந்து சேர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, வண்டியை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1949-ல் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. வங்காளத்தில் அசன்சோல் பக்கம் சென்-ராலே வந்தது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. அதுக்கப்புறம்தான் கூலிக்காரர் கைக்கு எட்டுகிற பொருளாக சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. புது வண்டி வாங்க முடியாதவங்க, பெரிய வீட்டில் ஓட்டிக் கழித்த சீமை வண்டியை வாங்கினார்கள். அதனால்தான் இன்றைக்கும் நல்ல பழைய வண்டி பெரிய வீட்டில் மட்டும் இல்லை, குடிசைச் சுவரிலும் சாய்ந்து நிற்கும்.

தேட வேண்டிய இடம் மூணு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள் ஒண்ணு. சாமான் நல்லா இருக்கும், விலையும் அதுக்குத் தக்க இருக்கும். ஒரு கடையில் ராலே ஒன்றுக்கு 15,000 சொன்னார்கள். இரண்டாவது காயலான் கடை. அங்கே அதிர்ஷ்டம் வேணும், முழு வண்டி கிடைப்பது அபூர்வம். மூணாவது, ஊர் ஊராகப் போய் சைக்கிள் கடைக்காரரிடம் விசாரிப்பது. பஞ்சர் ஒட்டுகிறவருக்குத் தெரியாத சைக்கிள் சுத்துப்பட்டில் இருக்காது.

பார்க்க வேண்டியது என்ன? பெயிண்டைப் பார்க்காதீங்க. முன்பக்கத் தகட்டைப் பாருங்க. ராலே என்றால் கொக்குத் தலை இருக்கும், நாட்டிங்காம், இங்கிலாந்து என்று எழுதியிருக்கும். தகடு போயிருந்தால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்க. ராலேயில் கொக்கு, ஹம்பரில் ஓடுகிற மனுஷ உருவம், ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.யில் அந்த மூணு எழுத்து, எல்லாம் இரும்பிலேயே வெட்டியிருக்கும். பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு கியர் இருந்தால் யோகம். பல வண்டிகளில் அந்த ஹப் உருளையின் மேலேயே வருஷம் இரண்டு இலக்கத்தில் குத்தியிருக்கும். ஆனால் அது ஹப்புடைய வயசு, யாராவது சக்கரத்தை மாத்தியிருந்தால் வண்டியின் வயசு வேற. ஸ்போக்ஸையும் எண்ணுங்க. முன்னால் 32, பின்னால் 40 இருக்கணும்.

அடுத்து உடம்பு. முன்கழுத்துக்குக் கீழே, சாய்வாக இறங்குகிற குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்க. சுருக்கமோ புடைப்போ தட்டினால் வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கு, வேண்டாம். சீட்டுத் தண்டும் ஹேண்டில்பாரும் அசைகிறதான்னு பாருங்க. துருப்பிடித்து இறுகிப் போயிருந்தால் எடுப்பதற்குள் பிராணன் போகும். டயரைப் பற்றிக் கவலை வேண்டாம். 28-க்கு ஒன்றரை இன்ச் டயர் இன்னைக்கும் சின்ன டவுனில்கூடக் கிடைக்குது. ஆனால் ராலேயின் பி.பி. கப்பை மட்டும் தொலைச்சுடாதீங்க. மத்த வண்டிகளில் ஒரு இன்ச்சுக்கு 24 மரை, ராலேயில் 26. கடையில் கிடைக்கிற கப் அதில் ஏறாது. கிராங்க்கில் இருக்கிற காட்டர் பின்னைச் சுத்தியலால் சும்மா அடிக்காதீங்க. இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, கிராங்க்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தட்டினால் சேதாரம் இல்லாமல் வரும்.

இப்போ நான் வாங்கின வண்டிக்கு வருகிறேன். என்னோடு பத்தாவது வரைக்கும் படிச்ச நண்பர் ஒருத்தர், எங்க ஊர் காலனியில் இருக்கிறார். அவர் அப்பாவின் வண்டி. வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், வண்டியை எடைக்குப் போடப் போவதாக சைக்கிள் கடைக்காரர் சொன்னார். இரும்புக் கடையில் 600 ரூபாய் பேசியிருந்தார்கள். நான் 4,000 கொடுத்தேன். தகடு, கொக்குப் பல்சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு எல்லாம் அப்படியே இருந்தது. ஹேண்டில் தண்டில் கம்பியில் கோத்த மூணு அலுமினிய வில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டணும். கட்டினதுக்கு அடையாளம் இந்த வில்லை. அது இல்லாமல் டவுனுக்குள் போனால் பிடிப்பார்கள். ராத்திரி விளக்கு இல்லாமல் போனாலும், இரண்டு பேர் ஏறினாலும் பிடிப்பார்கள்.

பெரியவருக்கு எண்பது தாண்டியிருச்சு. கிணறு வெட்டுகிற வேலை. 1968 வாக்கில், காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கிணறு தூர் வாரப் போனபோது, கூலியில் கழித்துக்கொண்டு இந்த வண்டியைக் கொடுத்தார்களாம். வரி கட்டினார், வில்லை வாங்கினார், விளக்கும் மாட்டினார். சர்க்கார் சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஊர்ச் சட்டம் வேற. அவர் தலித். எங்க தெரு, அதாவது நடுத்தெரு, பிள்ளையார் கோயிலில் தொடங்கி ஊருணிக்கரையில் முடியும். அந்தத் தெருவில் காலனி ஆட்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, செருப்பையும் கழட்டிக் கையில் வச்சுக்கணும். நான் பிள்ளையாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். பஞ்சர் இல்லை, செயின் கழலவில்லை, ஆனாலும் கோயில் வந்ததும் இறங்குவார். ஊருணி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கே ஏறுவார். இது எங்க ஊரில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் நிறைய ஊர்களில் இருந்தது. சைக்கிளின் பெருமையை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதணும்.

1986-ல் பெரியவரின் மகன், என் நண்பர், ஐ.டி.ஐ. படிக்க டவுனுக்குப் போனார். நேரத்துக்கு பஸ் கிடையாது. அப்பா வண்டியை எடுத்தார். முதல் நாளே கோயில் முன்னால் இறங்கவில்லை, மிதித்துக்கொண்டே போயிட்டார். மூணாவது நாள் யாரோ பின்னால் இருந்து கம்பால் ஓங்கி அடிக்க, பின் மட்கார்டில் விழுந்தது. ஊரில் இரண்டு தடவை பஞ்சாயத்துக் கூடியது. காலனிப் பிள்ளைகள் அஞ்சாறு பேர் சேர்ந்து, இனி இறங்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் அதைப் பற்றிப் பேசுவாரே இல்லை.

அஞ்சாறு வருஷம் கழித்து, 1991-92 வாக்கில், எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆம்பிளை வண்டியிலேயே பழகினார்கள். பிள்ளையை பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவங்களும் உண்டு. பெரியவரின் மருமகள் இந்த ராலேயில்தான் பழகினார். சீட்டுக்குக் கால் எட்டாமல், பாருக்கு நடுவில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டு ஆரம்பித்தவர், பிறகு இதிலேயே இரண்டு குடம் தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார்.

வண்டியைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினோம். பால்ரஸ் எல்லாம் புதுசு, கிரீஸ் புதுசு, பிரேக் கட்டை புதுசு. ரிம்முக்குக் கோட்டம் எடுத்தோம். பழைய கறுப்புப் பெயிண்டைச் சுரண்டவில்லை, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு சரி. ஒரே ஒரு விஷயத்தில் இழுபறி வந்தது. பின் மட்கார்டில் அந்தக் கம்படி பட்ட பள்ளம் உள்ளங்கை அளவுக்கு இருக்கு. பட்டறைக்காரர் அஞ்சு நிமிஷத்தில் தட்டி எடுத்துவிடலாம் என்றார். பெரியவரிடம் கேட்டேன். என் அப்பாவை "அய்யா" என்று எட்டி நின்று கூப்பிட்டவர், என்னைத் தம்பி என்கிறார்.

"தட்டி எடுத்துரு தம்பி. நல்ல வண்டியில அது எதுக்கு, அசிங்கமா" என்றார்.

நண்பர் பக்கத்தில்தான் நின்றார். "இருக்கட்டும்ப்பா. அது ஒண்ணும் நம்ம அசிங்கம் இல்ல" என்றார்.

பெரியவர் அதுக்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடி விழுந்தபோது வண்டியில் இருந்தது மகன். அதனால் மகன் சொன்னபடி விட்டுவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் பெரியவர் "இன்னும் எடுக்கலையா தம்பி" என்று கேட்கிறார். சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் அதில்தான் போய் வருகிறேன். கனமான வண்டி, ஆனால் ஒரு மிதிக்கு நல்லா உருளும்.

நீங்களும் கிராமத்துக்கு வந்து பழைய வண்டி வாங்கினால் நல்ல விலை கொடுங்க. எடைக்குப் போடுகிற பொருள்தானே என்று அடித்துப் பேசாதீங்க. எந்த வருஷத்து வண்டி என்று ஹப்பைத் துடைத்துப் பார்க்கிற அதே ஆர்வத்தோடு, யார் வாங்கினது, எந்தக் கூலியில் வாங்கினது, எந்தத் தெருவில் இறங்கித் தள்ளினது என்றும் கேளுங்க. கேட்டதை ஒரு காகிதத்தில் எழுதி வண்டியோடு வைங்க. சொல்கிறவங்களுக்கு எண்பது வயசு ஆகுது. பள்ளத்தையும் கீறலையும் தட்டி எடுக்கிறதுக்கு முன்னால் அது எப்படி விழுந்தது என்று அவங்களிடம் ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க.