ஜிப் கோப்பு பிறந்த கதை

பத்துக் கோப்புகளை ஒரே மெயிலில் அனுப்ப வேண்டுமானால் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் ஜிப் செய்துவிடுகிறோம். அந்த ஜிப், ஒரு கோர்ட் வழக்கில் இருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா?

1980களில் அமெரிக்காவில் கணினி வைத்திருந்தவர்கள், மோடம் மூலம் போன் போட்டு 'புல்லட்டின் போர்டு' என்ற கணினிகளில் இருந்து மென்பொருட்களை இறக்கிக் கொண்டார்கள். 2400 பிட் மோடத்தில் ஒரு நொடிக்கு சுமார் 240 எழுத்துக்கள்தான் வரும். 300 கிலோபைட் கோப்புக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். போன் பில் எகிறும்! அதனால் கோப்பைச் சுருக்குவது அவசியத் தேவையாக இருந்தது.

1985ல் எஸ்.இ.ஏ. என்ற நிறுவனம் 'ஆர்க்' என்ற மென்பொருளை மூல நிரலோடு வெளியிட்டது. மில்வாக்கி நகரைச் சேர்ந்த பில் காட்ஸ் அதைவிடப் பல மடங்கு வேகமான 'பிகேஆர்க்' செய்தார். எல்லோரும் அதற்குத் தாவினார்கள். தன் நிரலை எடுத்துக்கொண்டார் என்று 1988ல் எஸ்.இ.ஏ. வழக்குப் போட்டது. அதே ஆண்டு சமரசம் ஆனது. காட்ஸ் பணம் கொடுத்து, ஆர்க் வகை மென்பொருளை விடுவதை நிறுத்த ஒப்புக்கொண்டார்.

பயனர்கள் பலர் இதைப் பெரிய நிறுவனம் ஒரு தனி மனிதனை நசுக்கும் கதையாகப் பார்த்தார்கள். உண்மையில் எஸ்.இ.ஏ.வும் ஒரு சின்ன நிறுவனம்தான்!

1989ல் காட்ஸ் புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டார். அதுதான் ஜிப். 'வேகம்' என்று பொருள். அதன் அமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுதிப் பொதுவில் வைத்தார். ஜிப் நிலைத்ததற்கு இதுவே முக்கிய காரணம் என்பேன்.

1993ல் வந்த 'டிஃப்ளேட்' முறையில் இரண்டு பழைய யோசனைகள் சேர்ந்தன. ஒன்று, இஸ்ரேலைச் சேர்ந்த லெம்பெல், ஜிவ் இருவரும் 1977ல் சொன்னது: முன்பு வந்த சொல் மீண்டும் வந்தால் அதை எழுதாதே, 'இத்தனை எழுத்து பின்னால் போய் எடுத்துக்கொள்' என்று குறி. மற்றது ஹஃப்மன் 1952ல் வெளியிட்டது: அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறியீடு, அரிதாக வருவதற்குப் பெரியது. ஹஃப்மன் இதைக் கண்டுபிடித்தது, எம்.ஐ.டி.யில் பரீட்சைக்குப் பதிலாக எழுதிய ஒரு கட்டுரைக்காக!

காட்ஸ் 2000ல், குடிப்பழக்கத்தால் உடல் கெட்டு, 37 வயதில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார்.

ஒரு டாக்எக்ஸ் கோப்பையோ ஆண்ட்ராய்டின் ஏபிகே கோப்பையோ நோட்பேடில் திறந்து பாருங்கள். இரண்டுமே உள்ளுக்குள் ஜிப்தான். முதல் இரண்டு எழுத்துக்கள் 'பி', 'கே'. அது அவருடைய இனிஷியல். ஆனால் வழியைத் தொடங்கி வைத்த ஆர்க்கின் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்?