ஆழ்செய்தி மதிப்பீடு (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள்)

ஆழ்செய்தி மதிப்பீடு என்பது, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி இதழ்களில் எழுதும் விரிவான செய்திக் கட்டுரைகளைத் தரம் பார்த்து மதிப்பெண் இடும் முறையாகும். அன்றாடச் செய்தி நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்ளும். ஆழ்செய்தி அதன் பின்னணி, காரணம், விளைவு ஆகியவற்றை நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் தேடித் திரட்டும். ஆகவே மதிப்பீட்டாளர் எழுத்தோடு செய்தி சேகரிப்பையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

அமைப்புகள்

பள்ளி இதழ்களைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்புகள் பெரும்பாலும் 1920களில் தோன்றின. நேஷனல் ஸ்கொலாஸ்டிக் பிரஸ் அசோசியேஷன் 1921இலும், இதழியல் ஆசிரியர்களுக்கான ஜர்னலிசம் எஜுகேஷன் அசோசியேஷன் 1924இலும், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கொலம்பியா ஸ்கொலாஸ்டிக் பிரஸ் அசோசியேஷன் 1925இலும் தொடங்கப்பட்டன. குவில் அண்ட் ஸ்க்ரோல் அமைப்பை 1926இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்களில் முதன்மையானவர், பின்னாளில் கருத்துக்கணிப்பால் புகழ்பெற்ற ஜார்ஜ் கேலப். 1927 முதல் சிறந்த பள்ளி இதழ்களுக்குப் பேஸ்மேக்கர் விருது வழங்கப்படுகிறது.

அளவுகோல்கள்

வகுப்பறையில் பொதுவாக ஒரு மதிப்பெண் அட்டவணை பயன்படுகிறது. கட்டுரையின் கோணம், ஆதாரங்களின் எண்ணிக்கையும் வகையும், துல்லியம், நடுநிலை, கட்டமைப்பு, மேற்கோள், மொழிநடை ஆகியவை தனித்தனியே மதிப்பிடப்படும். தொடக்க வரிகள் ஈர்த்தால் மட்டும் போதாது. கட்டுரை எதற்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் பத்தியும் (அமெரிக்கச் செய்தி அறைகளில் ‘நட் கிராஃப்’) விரைவில் வந்தாக வேண்டும். நடைக்கு அசோசியேட்டட் பிரஸ் கையேடே பெரும்பாலும் அளவுகோல்.

“உணவகச் சாப்பாடு பெரும்பாலான மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை” என்று ஒரு வரி வருவதாகக் கொள்வோம். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் மதிப்பீட்டாளர் ஓரத்தில் எழுதும் கேள்விகள் வேறு: எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? அவர்கள் நண்பர்கள்தானா, எல்லா வகுப்பினருமா? சமையல் பொறுப்பாளர் என்ன சொல்கிறார்? பள்ளி உணவுக்கான சத்து விதிகளைக் கடுமையாக்கிய 2010ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தைப் படித்தீர்களா? உணவு வீணாவதற்குக் கணக்கு உண்டா? இவற்றுக்கு விடை தேடும்போதுதான் புகார் ஆழ்செய்தியாக மாறுகிறது.

படிநிலை மதிப்பீடு

அச்சேறிய கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் இட்டால், நன்றாக எழுதத் தெரிந்தவர் நன்றாகத் தேடியவரை முந்திவிடுவார். இதைத் தவிர்க்கப் பல ஆசிரியர்கள் பணியைப் படிகளாகப் பிரிக்கிறார்கள்: தலைப்பு முன்மொழிவு, ஆதாரப் பட்டியல், நேர்காணல் குறிப்பு, முதல் வரைவு, தகவல் சரிபார்ப்பு, இறுதி வடிவம். பதில் தர மறுத்தவரை எத்தனை முறை அணுகினார்கள் என்ற பதிவும் மதிப்பெண் பெறும். குழுவாக எழுதும்போது ஒவ்வொருவரின் பங்கையும் தனியே பார்ப்பதுண்டு.

போட்டிகள்

தேடலையும் மதிப்பிட வேண்டும் என்னும்போதுதான் போட்டிகளின் வரம்பு தெரிகிறது. டெக்சாஸின் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் நடத்தும் செய்தி எழுத்துப் போட்டியில், கையில் தரப்படும் தகவல்களையும் மேற்கோள்களையும் வைத்து 45 நிமிடத்தில் செய்தி எழுத வேண்டும். எதை முன்னே வைப்பது என்ற தீர்மானத்தை அது சோதிக்கும். தகவலைத் தேடும் திறனைச் சோதிக்காது. எனவே ஆழ்செய்திக்கான பரிசுகள் ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளைப் பெற்றே வழங்கப்படுகின்றன.

ஹேசல்வுட் வழக்கு

மதிப்பீட்டுக்கும் தணிக்கைக்கும் இடையிலுள்ள எல்லையைக் கேள்விக்குள்ளாக்கியது ஹேசல்வுட் வழக்கு. மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் இதழியல் வகுப்பு நடத்திய ‘ஸ்பெக்ட்ரம்’ இதழுக்காக, 1983 மே மாதத்தில் மாணவியரின் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு ஆகியவை பற்றிய கட்டுரைகள் தயாராயின. பெயர்களை மாற்றியிருந்தும் கர்ப்பிணி மாணவியரை அடையாளம் காண முடியும் என்றும், மணமுறிவுக் கட்டுரையில் குறை கூறப்பட்ட தந்தைக்குப் பதிலளிக்க வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் முதல்வர் கருதினார். திருத்த நேரமில்லை என எண்ணி, அக்கட்டுரைகள் இருந்த இரு பக்கங்களையும் நீக்கினார். அந்தப் பக்கங்களில் இருந்த வேறு கட்டுரைகளும் உடன் போயின.

1988 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மோசமாக எழுதப்பட்டதையும், போதிய ஆய்வின்றி எழுதப்பட்டதையும், ஒருசார்பானதையும் பள்ளி விலக்கலாம் என்றது தீர்ப்பு. மதிப்பெண் குறைக்கும் காரணங்களே தடைசெய்யும் காரணங்களாகவும் ஆயின. மறுதரப்பின் குரலைச் சேர்க்கச் சொல்லிக் கட்டுரையைத் திருப்பித் தருவது ஆசிரியர் பணி. பக்கத்தையே எடுத்துவிடுவது வேறு என்பது விமர்சகர்களின் வாதம். மாணவர் இதழ்களுக்குக் காப்பளிக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1977 முதலே இருந்தது. தீர்ப்புக்குப் பின் மாசசூசெட்ஸ், அயோவா, கொலராடோ, கன்சாஸ் முதலிய மாநிலங்களும் அத்தகைய சட்டங்களை இயற்றின.

பிட்ஸ்பர்க் கட்டுரை

கன்சாஸின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஆண்டுகளுக்குப் பின் கைகொடுத்தது. பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளியின் ‘பூஸ்டர் ரிடக்ஸ்’ இதழ் மாணவர்கள், புதிதாக நியமிக்கப்பட்ட முதல்வரை அறிமுகப்படுத்தும் எளிய செய்திக்காகத் தகவல் தேடினர். அவர் முதுகலை, முனைவர் பட்டங்கள் பெற்றதாகக் கூறிய பல்கலைக்கழகத்தின் இணையதளம் இயங்கவில்லை. அங்கீகாரத்துக்கும் சான்று கிடைக்கவில்லை. முதல்வரிடமே கேள்விகளை வைத்து, அவர் விளக்கத்தையும் பெற்று, 2017 மார்ச் 31 அன்று கட்டுரை வெளியிட்டனர். சில நாள்களில், பணியில் சேரும் முன்பே அவர் பதவி விலகினார். அறிமுகச் செய்தியாகவே முடித்திருந்தாலும் அட்டவணையின் நடை, கட்டமைப்புக் கட்டங்களில் அது முழு மதிப்பெண் பெற்றிருக்கக்கூடும்; அதை ஆழ்செய்தியாக்கியது ஒரு பட்டத்தைச் சரிபார்க்க எடுத்த முயற்சி.