ஹோண்டா சிஆர்-வி: 2014 முதல் 2017 வரையான மாடல்கள்

ஹோண்டா சிஆர்-வி ஐந்து பேர் அமரும் குடும்ப எஸ்யூவி. அமெரிக்கச் சந்தையில் 2012 முதல் 2016 வரை வந்தவை அதன் நான்காம் தலைமுறை. 2017 முதல் 2022 வரை வந்தவை ஐந்தாம் தலைமுறை. தலைமுறை மாறிய 2017ஆம் ஆண்டு மாடலே பெரிய மாற்றம் கண்டது என்று பொதுவாக நினைக்கத் தோன்றும். உண்மையில், முகப்பை மட்டும் மெருகேற்றியதுபோல் வந்த 2015 மாடலில்தான் அடிப்படை வேலைகள் பல நடந்திருந்தன.

அமெரிக்காவில் மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. 2015 மாடல் 2014 அக்டோபரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 2017 மாடல் 2016 டிசம்பரில் வந்தது. எனவே முதற்பதிவுத் தேதியை வைத்து மாடலை முடிவு செய்ய முடியாது. ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க வண்டி அடையாள எண்ணில் பத்தாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். 2014க்கு ‘இ’, 2015க்கு ‘எஃப்’, 2016க்கு ‘ஜி’, 2017க்கு ‘எச்’. எண்களோடு குழம்பக்கூடிய ‘ஐ’ இந்த வரிசையில் கிடையாது என்பதால் 2018க்கு ‘ஜே’.

2014, 2015 இரண்டிலும் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டிலும் 185 குதிரைத்திறன். விலைப்பட்டியலை மட்டும் புரட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 2015இல் எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை வந்தது. முறுக்குவிசை சுமார் 221 நியூட்டன் மீட்டரிலிருந்து 245 ஆக உயர்ந்தது. அதன் உச்சமும் 4,400 சுழற்சிக்குப் பதில் 3,900லேயே கிடைத்தது. ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய் சிவிடி வந்தது. முன்சக்கர இயக்க வண்டிக்கு அமெரிக்க அரசு மதிப்பிட்ட சராசரி மைலேஜ் கேலனுக்கு 26 மைலிலிருந்து 29 ஆனது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 கி.மீ. என்பது 12.3 கி.மீ. ஆயிற்று.

இதைவிட முக்கியமானது உடற்கூடு. காரின் முன்பக்க அகலத்தில் கால்பங்கு மட்டும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் கெட்டியான தடுப்பில் மோதும் சோதனையை, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2012இல் தொடங்கியது. எதிரே வரும் வண்டியோ சாலையோர மரமோ ஓட்டுநர் பக்க மூலையில் இடித்தால் என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. 2012–2014 சிஆர்-விக்கு அதில் கிடைத்தது நான்கு படிகளில் கீழிருந்து இரண்டாவது. 2015 மாடல் மேல்படிக்கே ஏறியது. வீட்டாரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, மைலேஜைவிட இந்த ஒரு காரணமே 2014ஐத் தவிர்க்கப் போதும்.

ஆனால் 2015க்கும் ஒரு தலைவலி உண்டு. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி, கியரை ‘டி’யில் வைத்து நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிர்வதாகப் பலர் புகார் செய்தார்கள். ஹோண்டாவும் அதை ஏற்று, டீலர் பட்டறைகளுக்குத் திருத்த வழிமுறைகளை அனுப்பியது. பழைய 2015 வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் சாலையில் பாய்வதைவிட, எஞ்சின் சூடான பிறகு சற்று நேரம் அப்படி நின்று பார்ப்பது நல்லது.

2016 பற்றிச் சொல்ல அதிகமில்லை. எஸ்இ என்ற புதிய வகை ஒன்று சேர்ந்தது. வண்டி அதே வண்டி.

2017இல் சக்கரங்களுக்கு இடையேயான நீளம் 103.1 அங்குலத்திலிருந்து 104.7 ஆனது; பின்னிருக்கைக்காரருக்குக் கால் நீட்ட சுமார் இரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடைத்தது. காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் பொத்தானாயிற்று. முந்தைய டச் ஸ்கிரீனில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தடவ வேண்டியிருந்தது. ஓட்டிக்கொண்டே செய்ய எரிச்சலூட்டும் வேலை. அங்கே திருகும் குமிழ் மறுபடி வந்தது. அதற்கு முன் டூரிங் என்ற உச்ச வகைக்கு மட்டும் இருந்த தானியங்கி அவசர பிரேக் முதலிய ஹோண்டா சென்சிங் வசதிகள், இஎக்ஸ் வகையிலிருந்தே கிடைத்தன.

ஒரே ஆண்டு வண்டிக்குள் இரண்டு எஞ்சின் என்பது 2017இன் விசித்திரம். விலை குறைந்த எல்எக்ஸ் வகையில் பழைய 2.4 லிட்டர் எஞ்சினே தொடர்ந்தது; மற்றவற்றில் 190 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் டர்போ. முறுக்குவிசை 243 நியூட்டன் மீட்டர்தான் என்றாலும் 2,000 சுழற்சியிலேயே முழுதும் கிடைத்துவிடும். மைலேஜ் சராசரி கேலனுக்கு 30 மைல், அதாவது 2015ஐவிட ஒரு மைல் மட்டுமே அதிகம்.

இந்த டர்போவில்தான் ஆயிலில் பெட்ரோல் கலக்கும் கோளாறு தலைகாட்டியது. கடுங்குளிரில் குறைந்த தூரமே ஓட்டினால் எஞ்சின் போதிய சூடு ஏறாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். 2018இல் சீனாவில் புதிய சிஆர்-வி விற்பனையே சிலகாலம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2017, 2018 வண்டிகளுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை ஹோண்டா ஓராண்டு நீட்டித்தது. 2.4 லிட்டர் எல்எக்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இந்தியாவுக்கு ஐந்தாம் தலைமுறை 2018 அக்டோபரில்தான் வந்தது. அதில் 1.5 டர்போ கிடையாது. 2 லிட்டர் பெட்ரோல், 1.6 லிட்டர் டீசல் எஞ்சின்களோடு விற்கப்பட்டது.