செஞ்சதுக்கம்: நிறம் பிந்தி வந்த கதை

செங்கொடி ஏறிய பிறகுதான் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. கிரெம்ளின் மதிலின் செங்கல்லைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. புரட்சி நடந்தது 1917இல்; சதுக்கத்தின் ரஷ்யப் பெயரான 'கிராஸ்னயா'வோ 17ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. அந்த மதிலுக்கும் ஒரு காலத்தில் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

கிராஸ்னயாவின் அடிச்சொல் 'கிராஸ்னி'; பழைய ரஷ்ய மொழியில் அதற்கு அழகான, சிறப்பான என்று பொருள். அதன் உடன்பிறப்பான 'கிராசா' இன்றும் அழகைத்தான் குறிக்கிறது. நம் வீட்டுப் பூஜை மாடம்போல ரஷ்யர் வீட்டில் திருவுருவப் படம் வைக்கும் மூலைக்கு 'கிராஸ்னி ஊகல்' என்று பெயர். அங்கே சிவப்பாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. நிறத்துக்கு வேறு சொல் இருந்தது: 'செர்வ்லியோனி'. சாயம் தந்த பூச்சியை வைத்துப் பிறந்த சொல் அது. பிற்பாடு கிராஸ்னியே நிறத்தையும் தனதாக்கிக்கொண்டது.

கிராஸ்னயா என்ற பெயர் வருவதற்கு முன் அந்த இடம் வெறும் 'தோர்க்', அதாவது சந்தை. மரக்கடைகள் எரிந்து எரிந்து 'பொஷார்' என்றும் பெயர் வாங்கியது. பொஷார் என்றால் தீ. தென்கோடியில் பசீல் தேவாலயம், கசான் வெற்றியைக் கொண்டாட 1555 முதல் 1561 வரை கட்டப்பட்டது. அதன் வெங்காயக் கூம்புகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை: ஒன்று முறுக்கிய தலைப்பாகை, ஒன்று அன்னாசிப் பழம். பக்கத்தில் வட்டமான கல்மேடை ஒன்று, 'லோப்னயே மேஸ்தா'. ஜாரின் ஆணைகளை அதிலிருந்துதான் ஊருக்கு வாசித்தார்கள்.

'சதுக்கம்' நம் பழஞ்சொல். பிராகிருதத்தின் 'சதுக்க'த்தோடு உறவுடையது. நான்கு தெரு கூடும் இடம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பொய்ச்சாட்சி சொன்னவர்களைப் பூதம் பிடித்துத் தின்றது அப்படியொரு சதுக்கத்தில்தான். சதுக்கத்துக்கு ரஷ்யர் சொல்லும் 'பிளோஷத்' தட்டையான இடத்தைக் குறிப்பது; அதில் நான்கும் இல்லை, சதுரமும் இல்லை. செஞ்சதுக்கமே சுமார் 330 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட நீள்செவ்வகம்தான். சதுக்கத்தில் நம் பெயர் சற்றே சறுக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம்.

'செ'வில் சறுக்கவில்லை. செங்கோல் சிவப்புக் கோல் அன்று. செந்தமிழும் சிவப்புத் தமிழ் அன்று. நிறத்தையும் சிறப்பையும் ஒரே அடியில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ரஷ்யச் சொல் இழந்த பழைய பொருளைத் தமிழ்ப் பெயர் தற்செயலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எளிமை என்று எண்ணிச் சில செய்தித்தாள்கள் 'சிவப்புச் சதுக்கம்' என்று எழுதுகின்றன. தயவுசெய்து செஞ்சதுக்கம் என்றே எழுதுங்கள்.