ஆலன் ஹோவ்ஹானெஸ்: ராகத்தின் வழியில் சிம்பொனி எழுதிய அமெரிக்க இசையமைப்பாளர்

20ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் செவ்வியல் இசையில் 67 சிம்பொனிகளை இயற்றியவர் ஆலன் ஹோவ்ஹானெஸ். சமகாலத்தவர் பலர் புதிய பரிசோதனைகளை நாடியபோது, அவர் பழமையான கீழை இசை மரபுகளைத் தமக்கு ஆதாரமாகக் கொண்டார்.

வாழ்க்கையும் திருப்புமுனையும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில் நகரில் 1911ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி பிறந்தார். தந்தை ஆர்மீனியர், வேதியியல் பேராசிரியர். தாய் ஸ்காட்லாந்து வம்சாவளியினர்.

1942ஆம் ஆண்டு டாங்கிள்வுட் இசைப் பயிலரங்கில் அவரது முதல் சிம்பொனியின் ஒலிப்பதிவு ஒலித்தபோது, ஆரோன் கோப்லாண்ட் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததாகவும் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் அதனை இகழ்ந்ததாகவும் கூறப்படுகிறது. மனமுடைந்த ஹோவ்ஹானெஸ் அங்கிருந்து வெளியேறினார். தமது தொடக்ககாலப் படைப்புகள் பலவற்றை அழித்துவிட்டு, ஆர்மீனிய இசையை ஆழ்ந்து பயிலத் தொடங்கினார்.

இசைப் பாணி

மேற்கத்திய செவ்வியல் இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும் ஒத்திசைவு முதன்மை பெறுகிறது. ஹோவ்ஹானெஸோ, தம்பூராவின் சுருதியைப் போல இடையறாது ஒலிக்கும் சுரத்தின் மீது ஒற்றை மெட்டு விரிந்து செல்லுமாறு எழுதினார். 1944ஆம் ஆண்டின் 'லூசாட்சாக்' படைப்பில் பியானோ, ஆர்மீனிய நரம்பிசைக் கருவிகளைப் போல ஒலிக்கிறது. அதன் சில பகுதிகளில் கலைஞர்கள் ஒரே சுரத்தொடரை அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். ஜான் கேஜ், லூ ஹாரிசன் போன்ற புதுமையாளர்களையும் இப்படைப்பு கவர்ந்தது.

1955ஆம் ஆண்டு லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி ஹூஸ்டனில் அரங்கேற்றிய 'மர்ம மலை' என்னும் 2ஆவது சிம்பொனி அவருக்குப் பெரும் புகழைத் தேடித்தந்தது.

சென்னையுடன் தொடர்பு

ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் 1959-60ஆம் ஆண்டுகளில் இந்தியா வந்து கர்நாடக இசையை ஆராய்ந்தார். சென்னை மியூசிக் அகாடமி விழாவில் பங்கேற்குமாறு அழைக்கப்பட்டார். சென்னை அகில இந்திய வானொலியின் இசைக்குழுவுக்காக 'நாகூரான்' என்னும் படைப்பையும் இயற்றினார்.

இறுதிக்காலம்

பின்னர் ஜப்பான் சென்று 'ககாகு' எனப்படும் அரசவை இசையைப் பயின்றார். 1970ஆம் ஆண்டின் 'தேவன் பெரிய திமிங்கலங்களைப் படைத்தார்' என்னும் படைப்பில் திமிங்கலங்களின் உண்மையான குரல் பதிவுகளை இசைக்குழுவுடன் இணைத்தார். 1980ஆம் ஆண்டு வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை, அவரது 50ஆவது சிம்பொனிக்குக் கருவானது.

2000ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சியாட்டிலில் தமது 89ஆவது வயதில் காலமானார். இளமையில் பல படைப்புகளைத் தாமே அழித்துவிட்டபோதிலும், வாழ்நாள் முடிவில் 400க்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் விட்டுச் சென்றார்.